இரண்டு உடைகள், ஓர் ஏணி

சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில், 18ஆவது தெருவில், தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றுக்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வேலை நிமித்தமாக இந்தப் பக்கம் குடிவந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் நானும் என் இணையரும் அதற்குள் முதன்முறையாகக் கால் வைத்தோம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உடைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பேண்ட்டும் அதற்கேற்ற மேல்கோட்டுமாக, ஒன்று ஊதா, மற்றது நீலப்பச்சை. சரிகை இல்லை, பளபளப்பு இல்லை. என் இணையருக்குத் தையல் தெரியும். கண்ணாடியில் மூச்சுப் படியும் அளவுக்கு நெருங்கி நின்று பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்குத் தைத்த துணி மாதிரியே இல்லையே, ஆபீஸுக்குப் போகிறவர்கள் உடுத்துகிற துணி மாதிரி அல்லவா இருக்கிறது” என்றாள். அவை கல்யாணத் துணிகள்தாம். அதே இருவர் ஒருவரையொருவர் இரண்டு முறை மணந்துகொண்டபோது, இரண்டு முறையும் உடுத்திய துணிகள். முதல் கல்யாணம் 2004இல் நடந்தது. அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது 2008இல் நடந்தது; அது நிலைத்தது. அந்த இருவரைப் பற்றியும், அவர்களோடு சேர்த்து நினைக்க வேண்டிய வேறு சில முதிய லெஸ்பியன் பெண்களைப் பற்றியும் தமிழில் ஒரு முறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும் என்று அன்று வீடு திரும்பும்போதே நினைத்தேன்.

டெல் மார்ட்டின் 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். இளம் வயதில் ஓர் ஆணை மணந்து, ஒரு மகளைப் பெற்று, அந்த மணவாழ்விலிருந்து விலகியவர். ஃபிலிஸ் லயன் 1924இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். சியாட்டிலில் கட்டுமானத் தொழில் சார்ந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில்தான் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். கையில் அலுவலகத் தோல்பெட்டியோடு வந்த முதல் பெண்ணாக டெல்லைத் தாம் கண்டதை ஃபிலிஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1953ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று காஸ்ட்ரோ தெருவில் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாகக் குடியேறினார்கள். முதல் ஆண்டில் ஓயாத சண்டை. டெல் தம் காலணிகளை அறையின் நடுவில் கழற்றிப் போடுவாராம், ஃபிலிஸ் அவற்றை ஜன்னல் வழியாக வெளியே எறிவாராம். பிரிந்துவிடலாம் என்றால் வளர்த்துவந்த பூனைக்குட்டி யாரிடம் போவது என்று தெரியாததால் சேர்ந்தே இருந்துவிட்டோம் என்று பின்னாளில் சொன்னார்கள். வரலாற்று நாயகிகளாக நாம் கொண்டாடுகிறவர்களைப் பற்றி இப்படிப்பட்ட செய்திகள் கிடைப்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். எங்கள் வீட்டிலும் செருப்பைப் பற்றிய சண்டைதான் முதல் ஆண்டு முழுவதும்.

அவர்கள் குடியேறிய காலத்தை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். 1952இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேட்டில் தன்பாலீர்ப்பு ஒரு நோயாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. 1953இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த ஆணையின்படி தன்பாலீர்ப்பாளர்களை மத்திய அரசுப் பணியிலிருந்து நீக்கலாம். இத்தகைய பெண்கள் கூடுவதற்கு மதுக்கூடங்களை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கேயும் போலீஸ் சோதனை வரும், கைது வரும், மறுநாள் பெயர் செய்தித்தாளில் வந்தால் வேலையும் வீடும் போகும். ஒருவரோடு ஒருவர் கைகோத்து நடனமாட ஓர் அறை வேண்டும் என்ற அளவிலேயே அவர்களுடைய முதல் ஆசை இருந்தது. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான்கு இணைகளாக எட்டுப் பெண்கள் கூடி ஓர் இரகசிய மன்றத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் லெஸ்பியன் அமைப்பான ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ்’ அப்படித்தான் பிறந்தது. பிலிடிஸ் என்பது ஒரு பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பில் வரும் பெண்ணின் பெயர். வெளியார் காதில் விழுந்தால் ஏதோ ஒரு மாதர் சங்கம் என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள் என்பதால் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மன்றத்தைத் தொடங்கலாம் என்ற எண்ணத்தை முதலில் முன்வைத்தவர் டெல்லும் அல்லர், ஃபிலிஸும் அல்லர். ரோஸ் பாம்பெர்கர் என்ற ஃபிலிப்பைன்ஸ் வழிப் பெண்தான் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியவர். இடம் கிடைத்த பிறகு, மன்றம் தனிப்பட்ட நட்புக்கூட்டமாகவே இருந்தால் போதுமா, வெளியுலகத்தோடு வாதாடும் அமைப்பாக வளர வேண்டுமா என்ற கேள்வி எழுந்து, சிலர் விலகிப் போனார்கள், ரோஸும் விலகினார். வேலை போனால் மறுவேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு வெளிச்சம் என்பது ஆபத்துதான், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடையில் நின்றவர்களின் பெயர்கள் மட்டுமே எஞ்சுகின்றன. ரோஸின் பெயரைப் பல கட்டுரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதால் இங்கே அழுத்தமாக எழுதிவைக்கிறேன்.

1956ஆம் ஆண்டு அக்டோபரில் மன்றத்தின் இதழ் வெளிவந்தது. பெயர் ‘தி லேடர்’, அதாவது ஏணி. முதல் இதழின் முகப்பில் மேகங்களுக்குள் ஏறிச் செல்லும் ஓர் ஏணியின் கோட்டோவியம் இருந்தது. தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் முறையில் உருட்டி எடுத்து, கையால் அடுக்கி, பின் அடித்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி பழுப்புக் காகித உறையில் போட்டு அனுப்பினார்கள். நம் ஊர்ச் சிற்றிதழ்களைச் சைக்ளோஸ்டைலில் எடுத்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், விரல் இடுக்கில் ஒட்டிய அந்த மையின் வாசனை அவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். முதல் ஆசிரியர் ஃபிலிஸ் லயன். பயத்தினால் ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில்தான் தொடங்கினார். சந்தாதாரர் பட்டியல் போலீஸ் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சிய வாசகர்களுக்கு, உங்கள் பெயர் எங்களிடம் பாதுகாப்பாக இருக்கும் என்று அந்தப் புனைபெயரிலேயே உறுதிமொழி எழுதினார். ஒளிந்துகொண்டே பிறருக்குத் தைரியம் சொல்கிறோமே என்ற உறுத்தல் அவரை விடவில்லை போலும். சில இதழ்களுக்குள்ளாகவே, ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டார், அவரைத் திட்டமிட்டுக் கொன்றவள் நான்தான் என்று அறிவித்துத் தம் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கினார். அந்த அறிவிப்பைப் படித்த நாளில் நான் நெடுநேரம் எதையும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் சொந்தப் பெயரில் இப்படி ஒன்றை எழுத எனக்கு 46 வயது ஆக வேண்டியிருந்தது; அவருக்கு அப்போது 32.

அந்த இதழுக்கு நாடெங்குமிருந்து கடிதங்கள் வந்தன. ஊரில் தன்னைப் போல் இன்னொருத்தி இருப்பாள் என்றே நம்பாத பெண்கள் எழுதினார்கள். 1957இல் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு எழுதியவர்களுள் ஒருவர், இரண்டே ஆண்டுகளில் பிராட்வே மேடையில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியராகப் போகிற லொரைன் ஹான்ஸ்பெர்ரி.

1960இல் மன்றத்தின் முதல் தேசிய மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது, வந்திருக்கும் பெண்கள் ஆண் உடை அணிந்திருக்கிறார்களா என்று பார்க்கப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். டெல் அவர்களைத் தடுக்கவில்லை. உள்ளே வந்து பாருங்கள் என்று அழைத்துப்போய்க் காட்டினார். எல்லோரும் கவுனும் காலுறையும் குதியுயர்ந்த காலணியுமாக அமர்ந்திருந்தார்கள். பின்னால் வந்த தலைமுறை இதைக் கடுமையாக விமர்சித்தது. சமூகத்தின் கண்ணுக்கு உறுத்தாமல் உடுத்து, அடங்கி நட என்று சொந்தப் பெண்களுக்கே சொன்ன அமைப்பு என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று கைது செய்யப்படாமல் வீடு திரும்பிய பெண்கள்தாம் அடுத்த பத்தாண்டுகளில் சாலையில் பதாகை பிடித்தார்கள் என்பதையும் அந்த விமர்சனத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். டெல்லும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. ஆண்கள் நடத்திய தன்பாலீர்ப்பு இயக்கங்கள் பெண்களைக் காபி போடவும் தட்டச்சு செய்யவும் மட்டுமே வைத்துக்கொண்டன என்று கண்டபோது, 1970இல் அவற்றுக்குப் பகிரங்கமாக விடைகொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். 1976இல் கணவர்களிடம் அடிபடும் மனைவிகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். வீட்டுக்குள் விழும் அடி குடும்ப விவகாரம் அன்று, அதை அனுமதிக்கும் சட்டமும் திருமண அமைப்பும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் உரக்கச் சொன்ன முதல் நூல்களுள் அது ஒன்று. எந்தப் பெண்கள் தம்மை அருவருப்போடு பார்த்திருப்பார்களோ, அந்த மனைவிமார்களுக்காக ஒரு லெஸ்பியன் பெண் செய்த வேலை அது.

கிழக்குக் கரையில் பார்பரா கிட்டிங்ஸ் 1958இல் மன்றத்தின் நியூயார்க் கிளையைத் தொடங்கினார். கல்லூரி நாட்களில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, கிடைத்த புத்தகத்தில் எல்லாம் நோய் என்றும் குற்றம் என்றும் மட்டுமே படித்தவர் அவர். பின்னாளில் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் புகுந்து, தன்பாலீர்ப்பைப் பற்றிய நல்ல நூல்களின் பட்டியல் தயாரிப்பதையே தம் பெரும்பணியாக எடுத்துக்கொண்டார். 1963 முதல் 1966 வரை ‘தி லேடர்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தபோது அவரும் அவருடைய இணையர் கே லாஹூசெனும் சேர்ந்து முகப்பை மாற்றினார்கள். ஓவியத்தின் இடத்தில் உண்மையான பெண்களின் நிழற்படங்கள் வந்தன. படம் எடுத்தவர் கே. தொடக்கத்தில் பக்கவாட்டு முகம், கறுப்புக் கண்ணாடி, திரும்பி நிற்கும் உருவம் என்றுதான் படம் தர ஆட்கள் கிடைத்தார்கள். 1966 ஜனவரி இதழில்தான் லில்லி வின்சென்ஸ் என்ற இளம்பெண் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தபடி முகப்பில் வந்தார். 1972இல் மனநல மருத்துவர்களின் மாநாட்டு மேடையில், முகமூடி அணிந்த ஒரு மருத்துவர் தாமும் தன்பாலீர்ப்பாளர்தான் என்று பேசுவதற்கு ஏற்பாடு செய்தவர்களுள் கிட்டிங்ஸும் ஒருவர். மறு ஆண்டு டிசம்பரில் தன்பாலீர்ப்பு நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வளவும் செய்த இணை, கடைசிக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது, அந்த இல்லத்தின் செய்திமடலில் தாங்கள் இணையர் என்று மீண்டும் ஒருமுறை அறிவித்தார்கள். வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்றவர்கள் உணவுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரர்களிடம் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கிட்டிங்ஸ் 2007இலும் லாஹூசென் 2021இலும் மறைந்தார்கள்.

முதுமையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பெண்களைப் பற்றிப் பேச முடியாது. 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் லெஸ்பியன் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டபோது அதற்கு லயன், மார்ட்டின் இருவரின் பெயரையும் வைத்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் மீண்டும் போக மனம் வராமல், நோயை முற்றவிட்டவர்கள் எத்தனையோ பேர். 2011இல் கடன் சுமையால் அந்த மருத்துவமனை மூடும் நிலைக்கு வந்தபோது மக்களே பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். ஒருவரின் பெயரைச் சிலைக்கு வைப்பதைவிட இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்துக்கு வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

1987இல் கலிபோர்னியாவில் முதிய லெஸ்பியன் பெண்கள் தனி மாநாடு கூட்டினார்கள். 1989இல் இரண்டாவது மாநாட்டையொட்டி அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. டெல்லும் ஃபிலிஸும் அதில் சேர்ந்தார்கள். 60 வயது நிறைந்தவர்களே உறுப்பினர் ஆகலாம். தங்களை ‘மூத்தவர்கள்’ என்று மெருகேற்றிச் சொல்லக் கூடாது, கிழவிகள் என்றே சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய உறுதியான நிலைப்பாடு. யாரைவிட மூத்தவர்கள், இளமையை அளவுகோலாக வைத்து ஏன் எங்களை அளக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தமிழில் இதை எழுதும்போது எனக்குக் கை கூசத்தான் செய்கிறது. கிழவி என்பதை நாம் வசவாகவே ஆக்கிவிட்டோம். பழந்தமிழ் இலக்கணமோ காதலனையும் காதலியையும் கிழவன், கிழத்தி என்றது. கிழமை என்றால் உரிமை. சொற்களுக்காக வழக்காடுவது நமக்கும் புதிதன்று. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், எங்களைப் போன்றவர்களை மரியாதையோடு குறிக்கும் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

அந்த முதியவர்களின் சிந்தனைக்கு உரமிட்டவர் 1913இல் பிறந்த பார்பரா மெக்டொனால்ட். பெண்கள் நடத்திய ஓர் இரவுப் பேரணியில் அவர் நின்றிருந்தபோது, ஒருங்கிணைப்பாளரான இளம்பெண், இவரால் எங்கள் வேகத்துக்கு நடக்க முடியுமா என்ற ஐயத்தை அவரிடம் கேட்காமல், வயதில் இளையவரான அவருடைய இணையர் சிந்தியா ரிச்சிடம் கேட்டாராம். அந்தக் காயத்திலிருந்து 1983இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் பிறந்தது. என் கண்ணைப் பார்த்துப் பேசு என்பதே அதன் தலைப்பின் பொருள். முதிய பெண்களை எல்லாம் அம்மா என்றும் பாட்டி என்றும் பார்க்கும் பார்வையை அவர் ஏற்கவில்லை. இயக்கத்துக்குள் இருக்கும் இளம்பெண்கள்கூட எங்களைத் தங்களுக்குப் பணிவிடை செய்யும் தாய்மார்களாகவே கற்பனை செய்கிறார்கள், தோழிகளாகக் காண்பதில்லை என்றார். தெருவில் எதிர்ப்படும் எந்த முதியவளையும் பாட்டி என்றோ ஆயா என்றோ அழைத்துப் பழகிய எனக்கு இது முதலில் புரியவே இல்லை; அது நம் அன்பு அல்லவா என்று தோன்றியது. அன்புதான். ஆனால் பாட்டி என்று அழைத்த பிறகு அவளுக்கு ஒரு காதல் இருந்திருக்கும், ஒரு கோபம் இருக்கும், நாளைக்கென ஒரு திட்டம் இருக்கும் என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? பொன்னாடை போர்த்திவிட்டு மேடையின் ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறோம்.

டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக, உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர் ஆர்டன் எவர்ஸ்மேயர். ஹூஸ்டனில் 50 வயது கடந்த லெஸ்பியன் பெண்களுக்காக 1987இல் ஒரு குழு தொடங்கினார். தோழிகள் ஒவ்வொருவராக இறந்துபோக, அவர்களுடைய கதைகளும் கூடவே புதைவதைப் பார்த்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான பெண்களின் வாழ்க்கை அப்படிப் பதிவாகி, மாசசூசெட்ஸில் ஸ்மித் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர் 2022இல் 91 வயதில் மறைந்தார்.

2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மேயர் தன்பாலினத்தவருக்குத் திருமணச் சான்று வழங்க முடிவுசெய்தபோது, முதல் இணையாக யாரை அழைப்பது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஏற்கெனவே இவ்வளவு செய்துவிட்ட உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். 12ஆம் தேதி காலை, டெல்லுக்கு 82, ஃபிலிஸுக்கு 79 வயதில், நகர மன்றக் கட்டடத்தில் திருமணம் நடந்தது. ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத்தையும், அதைத் தொடர்ந்து நடந்த சுமார் 4,000 திருமணங்களையும் செல்லாதவை ஆக்கியது. 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் செல்லாது என்று காகிதம் வருவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உடைகளை எடுத்து வைத்தார்கள், வழக்கில் மனுதாரர்களாகச் சேர்ந்தார்கள். 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஜூன் 16 மாலை, டெல் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்க, அதே உடைகளில் மீண்டும் மணந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 27 அன்று டெல் இறந்தார். நகர மன்றத்தின் கொடிகள் அரைக்கம்பத்தில் இறக்கப்பட்டன. சட்டப்படி அவர்கள் வாழ்ந்த மணவாழ்வு மொத்தம் 72 நாட்கள். ஃபிலிஸ் 2020 ஏப்ரலில் 95 வயதில் மறைந்தார். அவர்கள் 1955 முதல் வாழ்ந்த டங்கன் தெரு வீட்டை 2021இல் நகரம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, எங்கள் வட்டாரத்தில் தனியாக வசிக்கும் எண்பது கடந்த ஒரு பெண்மணியிடம் அவருடைய கதையைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டேன். பலமுறை ஒரே கூட்டங்களில் இருந்திருக்கிறோம். நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்றும் கேட்டதில்லை. முதல் நாள் வாய்தவறி அம்மா என்று அழைத்துவிட்டேன். பொருள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தம் பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடு என்றார். இருபது வயதில் பெற்றோர் வீட்டில் ‘தி லேடர்’ இதழ்களைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்ததைச் சொன்னார். அந்த வீட்டில் ரொட்டி சுடும் வேலை அவருடையது என்பதால் வேறு யாரும் அந்த டப்பாவைத் திறக்க மாட்டார்களாம். பிறகு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். முக்காலியில் ஏறி ஒரு காலணிப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். மேலாக இருந்தது 1966 ஜனவரி இதழ். மடிப்புகளில் இன்னும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. லில்லி வின்சென்ஸின் சிரிப்பை விரலால் தொட்டபடி, “இவளைப் பார்த்த அன்று நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். மூடிவிட்டு, இரவு முழுக்கப் பார்த்தேன்” என்றார். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். காது கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த கேள்வியைக் கேள் என்றார்.